ஒளியால் கணக்கிடும் இயந்திரம்: இம்முறையும் வாய்ப்பை நழுவ விடலாமா?

திருவனந்தபுரம்:

செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான கணக்கீடுகளை மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைக் கொண்டே செய்து முடிக்கும் முயற்சி, பல்கலைக்கழக ஆய்வகங்களிலிருந்து பெருநிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்கு நகர்ந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையால் எழுதிய எண்களைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் துணையுடன் அடையாளம் காட்டினர். 2025 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம், நுண்ணிய எல்இடி விளக்குகளால் இயங்கும் கணினி ஒன்றின் விவரங்களை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது.

இந்தச் செய்திகளைத் தொலைதூர நாடுகளின் அறிவியல் விந்தை என்று ஒதுக்கிவிட முடியாத நகரங்களில் ஒன்று திருவனந்தபுரம். ஒளியியல், மின்னணுச் சிப் வடிவமைப்பு, வேதிப்பொருள் ஆய்வு, விண்வெளிப் பொறியியல் ஆகிய நான்கும் அரசு நிறுவனங்களின் வடிவில் இங்கு சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அமைந்துள்ளன. அவை ஒன்று சேருமா, சேர்க்கப்படுமா என்பதே கேள்வி.

மின்சாரமும் தடைகளும்

இக்கேள்விக்கு இன்று அவசரம் ஏற்பட்டிருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது மின்சாரம். சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் தரவு மையங்கள் 2024-ஆம் ஆண்டில் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரத்தை நுகர்ந்தன. இது உலக மின் நுகர்வில் ஏறத்தாழ 1.5 சதவீதம். 2030-ஆம் ஆண்டில் இந்த அளவு 94,500 கோடி யூனிட்டாக, அதாவது இரு மடங்குக்கும் மேலாக உயரும் என்று அந்த முகமை மதிப்பிட்டுள்ளது. தனக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளி மாநிலங்களிலிருந்து வாங்கும் கேரளத்துக்கு இந்தக் கணக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் அரசியல். செயற்கை நுண்ணறிவுக் கணக்கீடுகளுக்கான உயர்திறன் சிப்களின் வடிவமைப்பு அமெரிக்க நிறுவனங்களின் கையிலும், அவற்றின் உற்பத்தி பெரும்பாலும் தைவானிலும் உள்ளது. 2025 ஜனவரியில், பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த பைடன் நிர்வாகம் இச்சிப்களின் ஏற்றுமதிக்கு உலக அளவில் வரம்பு விதிக்கும் விதிமுறையை அறிவித்தது. தடையின்றிப் பெறலாம் என்று அறிவிக்கப்பட்ட 18 நட்பு நாடுகளின் பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை. டிரம்ப் நிர்வாகம் அதே ஆண்டு மே மாதம் அந்த விதிமுறையைக் கைவிட்டது. எனினும், வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் இந்தியாவின் கணக்கீட்டு ஆற்றலுக்கு உச்சவரம்பு வந்துவிடும் என்பதை அந்த நான்கு மாதங்கள் உணர்த்தின.

மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்த இந்தியா ஏஐ திட்டத்தின் ஒதுக்கீடு 10,372 கோடி ரூபாய். அதன் கீழ் 38,000-க்கும் மேற்பட்ட உயர்திறன் சிப்கள் ஆய்வாளர்களுக்கும் புதிய நிறுவனங்களுக்கும் மலிவான வாடகையில் கிடைக்க வழி செய்யப்பட்டுள்ளது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் அச்சிப்களை உருவாக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை.

கண்ணாடித் தகடு செய்யும் பெருக்கல்

ஒளி எவ்வாறு கணக்குப் போடும்? செயற்கை நரம்பு வலையமைப்பு என்று அழைக்கப்படுவதன் உள்ளே நடப்பது பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலும்தான். ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் அதற்குரிய 'எடை' எனப்படும் எண்ணால் பெருக்கி, கிடைக்கும் விடைகளையெல்லாம் கூட்ட வேண்டும். இதைக் கோடிக்கணக்கான முறை செய்தால் 'இது பூனை', 'இது எண் ஏழு' என்ற முடிவு கிடைக்கிறது. மின்னணுச் சிப்பில் ஒவ்வொரு பெருக்கலுக்கும் நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூட வேண்டும். அதைவிடக் கூடுதலான ஆற்றல், எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதிலும் திருப்பிக் கொண்டுபோய் வைப்பதிலும் செலவாகிறது.

ஒரு விளக்கின் முன்னால் சாயமேற்றிய கண்ணாடித் தகடு ஒன்றை வைப்பதாகக் கொள்வோம். விளக்கின் பிரகாசம் 8 அலகு. தகடு பாதி ஒளியை மட்டும் கடக்க விடுகிறது. மறுபுறம் கிடைப்பது 4 அலகு. எட்டை அரையால் பெருக்கும் வேலை அங்கே முடிந்துவிட்டது. இத்தகைய ஆயிரம் விளக்குகளையும் ஆயிரம் தகடுகளையும் வரிசையாக வைத்து, கடந்து வரும் ஒளி முழுவதையும் ஒரு வில்லை மூலம் ஒரே உணரியின் மீது குவித்தால், ஆயிரம் விடைகளின் கூட்டுத்தொகை அந்த உணரியில் பதிவாகிறது. எதிர்மறை எண்களுக்கு இரண்டு உணரிகளை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ளலாம். பெருக்கலும் கூட்டலும் ஒளி அந்த இடத்தைக் கடக்கும் நேரத்துக்குள் நிகழ்ந்து விடுகின்றன.

கார்னெலில் பீட்டர் மக்மகன் தலைமையிலான குழு செய்தது ஏறத்தாழ இதுதான். அவர்களுக்கு விளக்கு வரிசையாகப் பயன்பட்டது ஒரு கைபேசியின் திரை. சாயத் தகடுகளின் இடத்தில், புள்ளிதோறும் ஒளியின் அளவை மாற்றக்கூடிய திரவப் படிகச் சாதனம் இருந்தது. கையெழுத்து எண்களை அடையாளம் காணும் சோதனையில், ஒரு பெருக்கலுக்குச் சராசரியாக மூன்று ஒளித்துகள்கள் உணரியை அடைந்தபோது 99 சதவீதத் துல்லியம் கிடைத்தது. ஒளித்துகளின் எண்ணிக்கை 0.66 ஆகக் குறைக்கப்பட்டபோதும் துல்லியம் 90 சதவீத அளவில் நின்றது.

ஒரு ஒளித்துகளைப் பின்னமாக்க முடியாதே என்று கேட்கலாம். உணரி தனித்தனிப் பெருக்கல்களை எண்ணுவதில்லை, கூட்டுத்தொகையையே எண்ணுகிறது. 784 புள்ளிகள் கொண்ட ஒரு படத்துக்கு அந்தக் கூட்டுத்தொகையில் சுமார் 500 ஒளித்துகள்கள் சேர்ந்து விடுகின்றன. விடையை ஊகிக்க அது போதும். வாக்குச்சாவடியில் ஒருவரின் வாக்கை வைத்துத் தேர்தல் முடிவைச் சொல்ல முடியாது. தொகுதியின் மொத்த எண்ணிக்கை வந்தால் சொல்லிவிடலாம். அதைப் போன்றதே இது.

பழைய கனவு, பழைய தோல்வி

ஒளியால் கணக்கிடும் சிந்தனை புதிதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்மட் லீத்தும் அவரது சகாக்களும் 1950-களிலேயே ரேடார் பதிவுகளைப் படங்களாக மாற்ற வில்லைகளைப் பயன்படுத்தினர். அன்றைய கணினிகளுக்கு அந்தக் கணக்கைச் செய்யும் ஆற்றல் இல்லை. 1982-இல் ஜான் ஹாப்ஃபீல்டு தமது நரம்பு வலையமைப்பு மாதிரியை வெளியிட்டார்; அந்தப் பணிக்காக 2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கும் ஜெஃப்ரி ஹிண்டனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹாப்ஃபீல்டின் மாதிரி வெளியான மூன்றே ஆண்டுகளில், 1985-இல், டெமெட்ரி சால்டிஸும் நபீல் ஃபர்ஹத்தும் அதை விளக்குகளையும் ஒளி உணரிகளையும் கொண்டு அமைத்துக் காட்டினர். அதில் இருந்த செயற்கை நரம்பணுக்கள் 32. 1990-இல் பெல் ஆய்வகத்தின் ஆலன் ஹுவாங், ஒளியால் இயங்கும் எண்முறைச் செயலி ஒன்றைப் பத்திரிகையாளர்கள் முன் இயக்கினார்.

அதன் பின்னர் இத்துறை ஏறத்தாழ மறக்கப்பட்டது. ஒளியின் மீதிருந்த நம்பிக்கை பொய்த்ததால் அல்ல. மின்னணுச் சிப்களின் வேகம் இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை இரட்டிப்பாகிக் கொண்டே போனதால், வேறெதற்கும் இடமில்லாமல் போனது. அந்த ஓட்டம் இப்போது தளர்ந்துள்ளது. அதே சமயம் செயற்கை நுண்ணறிவின் பசி பெருகியுள்ளது. 2017-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் சிலிக்கான் சிப்பின் மீதே ஒளிப் பாதைகளை அமைத்து நான்கு உயிரெழுத்து ஒலிகளைப் பிரித்தறிந்தனர். துல்லியம் 76.7 சதவீதம்தான், சாதாரணக் கணினி அதே சோதனையில் 91.7 சதவீதம் எடுத்தது. தோற்றுப்போன அந்தச் சோதனைதான் துறையின் மறுபிறப்புக்கு வழிவகுத்தது.

இன்றும் சிக்கல்கள் குறையவில்லை. ஒரு ஒளிக்கற்றை மற்றொன்றின் ஊடாக எதையும் பாதிக்காமல் கடந்து போகும். தகவலைச் சுமந்து செல்ல இது வரம். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இதுவே தடை. நரம்பு வலையமைப்பின் ஒவ்வொரு அடுக்கிலும் 'இந்த அளவைத் தாண்டினால் மட்டும் மேலே செல்' என்ற தீர்மானம் தேவை. அதற்காக ஒளியை மின்சாரமாக மாற்றி, மீண்டும் ஒளியாக்க வேண்டியுள்ளது. ஒளியில் மிச்சப்படுத்திய ஆற்றலை இந்த மாற்றமே விழுங்கி விடக்கூடும். கார்னெலின் கணக்கில் உள்ளது ஒளியின் ஆற்றல் மட்டுமே. திரை, கேமரா, துணைக் கணினி ஆகியவற்றின் மின் நுகர்வு தனி. மைக்ரோசாப்டின் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் இயங்கும் எடைகள் 256. இன்றைய மொழி மாதிரிகளிலோ அவை ஆயிரக்கணக்கான கோடி. அந்த இயந்திரத்தைப் பெரிதாக்கினால் ஆற்றல் சிக்கனம் நூறு மடங்கு வரை செல்லலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல.

புலப்படும் ஒளியின் தனிச்சிறப்பு

ஒளிக்கணினி ஆய்வின் பெரும்பகுதி அகச்சிவப்பு ஒளியில் நடக்கிறது. புலப்படும் ஒளியைச் சிலிக்கான் உறிஞ்சிவிடுவதால், அதில் ஒளிப்பாதை அமைக்க அகச்சிவப்பே ஏற்றது. இழை வழித் தொலைத்தொடர்பும் அதே ஒளியில்தான் நடக்கிறது. 2023 ஜூனில் தொடங்கி வைக்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன் இணைய வலையமைப்பின் இழைகளிலும் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத ஒளியே.

ஆயினும் புலப்படும் ஒளிக்குச் சில அனுகூலங்கள் உள்ளன. கைபேசித் திரைகளுக்காகவும் கேமராக்களுக்காகவும் உலகம் ஏற்கெனவே கோடிக்கணக்கில் உற்பத்தி செய்யும் விளக்கு வரிசைகளையும் உணரிகளையும் அப்படியே பயன்படுத்தலாம். அலைநீளம் குறைவு என்பதால் அதே பரப்பில் அதிகப் புள்ளிகளை அடக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் காணும் உலகமே புலப்படும் ஒளியாகத்தான் கேமராவை வந்தடைகிறது. ஒரு செயற்கைக்கோளின் கேமராவோ, மருத்துவமனையின் நுண்ணோக்கியோ அந்த ஒளியை மின்சாரமாக மாற்றும் முன்பே, வில்லையின் அருகிலேயே முதற்கட்டக் கணக்கை முடித்துவிட்டால், அனுப்ப வேண்டிய தரவும் செலவாகும் மின்சாரமும் குறையும்.

ஆய்வைத் தொடங்க ஆகும் செலவும் குறைவு. அதிநவீன நானோமீட்டர் தொழிற்சாலை தேவையில்லை. ஒரு நல்ல ஒளியியல் மேசை, திரவப் படிகச் சாதனம், கேமரா, தேர்ந்த மாணவர்கள் இருந்தால் போதும். பின்தங்கிய நாடு நுழையக்கூடிய கதவு இது.

நகரில் உள்ள வளம்

அத்தகைய மாணவர்கள் திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள். 2007-இல் நிறுவப்பட்டு வலியமலையில் இயங்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளியியல் பொறியியலில் முதுநிலைப் படிப்பு நடத்தப்படுகிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் கார்யவட்டம் வளாகத்தில் ஒளிமின்னணுவியலுக்கென்றே தனித் துறை உள்ளது. பாப்பனங்கோட்டில் உள்ள தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்பக் கழகம், ஒளியை உமிழும், உறிஞ்சும் கரிமப் பொருள்கள் குறித்த ஆய்வில் பெயர் பெற்றது. வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவு, ராக்கெட்டுகளின் வழிகாட்டும் கருவிகளுக்குப் பொறுப்பானது. அத்தகைய கருவிகளில் இடம்பெறும் லேசர் சுழல்மானி, எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரு ஒளிக்கற்றைகளின் வேறுபாட்டைக் கொண்டு திரும்பும் வேகத்தை அளக்கிறது. ஒளியை நம்பி ராக்கெட்டைச் செலுத்தும் துணிவு இந்நகரத்துக்குப் பழக்கமானது.

சிப் வடிவமைப்பிலும் இந்நகரம் பின்தங்கியதல்ல. வெள்ளையம்பலத்தில் உள்ள சி-டாக் மையம் 'வேகா' வரிசைச் செயலிகளை வடிவமைத்தது. தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்துடன் இணைந்து உருவாக்கிய 'விக்ரம் 3201' என்ற 32 பிட் செயலி, 2025 செப்டம்பரில் தில்லியில் நடைபெற்ற செமிகான் மாநாட்டில் பிரதமரிடம் வழங்கப்பட்டது. மங்கலபுரத்தில் உள்ள கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அலெக்ஸ் ஜேம்ஸ் தலைமையிலான குழு, 2024-இல் 'கைரளி' என்ற செயற்கை நுண்ணறிவுச் சிப்பை அறிமுகப்படுத்தியது. அதே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அமையும் டிஜிட்டல் அறிவியல் பூங்காவுக்கு 2023 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது.

அண்டை மாநிலத்திலும் வளம் உண்டு. சென்னை ஐஐடியில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உதவியுடன் சிலிக்கான் ஒளியியல் சீர்மிகு மையம் செயல்படுகிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒளியணுவியலுக்கான சர்வதேசப் பள்ளி உள்ளது. குறை ஆற்றலில் இல்லை, ஒருங்கிணைப்பில் உள்ளது. இந்நிறுவனங்களில் சில விண்வெளித் துறையின் கீழும், சில அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழும், சில மாநில அரசின் கீழும் உள்ளன. ஒரே நகரத்தில் இருந்தாலும் அவற்றின் கோப்புகள் வெவ்வேறு அலுவலகங்களுக்குச் செல்கின்றன.

வரலாறு தரும் பாடம்

மறுக்கப்பட்ட தொழில்நுட்பத்தைத் தானே உருவாக்கிக்கொண்ட அனுபவம் இந்தியாவுக்கு உண்டு. 1980-களில் இந்தியா கேட்ட சக்தி வாய்ந்த கிரே கணினியை அமெரிக்கா தர மறுத்தது. 1988-இல் சி-டாக் தொடங்கப்பட்டு, 1991-இல் 'பரம் 8000' உருவானது. கிரையோஜெனிக் எந்திரத் தொழில்நுட்பத்தைத் தருவதற்கு ரஷ்ய நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம், 1992-இல் அமெரிக்கா விதித்த தடையாலும் நெருக்குதலாலும் முறிந்தது. வலியமலை திரவ எரிபொருள் மையத்தின் நீண்ட உழைப்புக்குப் பின், 2014 ஜனவரி 5 அன்று உள்நாட்டு எந்திரத்துடன் ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது. மறுப்புக்கும் வெற்றிக்கும் இடையே கழிந்தவை இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்.

நழுவ விட்ட அனுபவமும் உண்டு. 1973-இல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் கேரள அரசு தொடங்கிய கெல்ட்ரான், மாநில அரசு ஒன்று மின்னணுத் துறையில் நேரடியாக இறங்கிய முன்னோடி முயற்சி. 1984-இல் மொஹாலியில் அரசின் சிப் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, உலகின் முன்னணி நாடுகளுக்கும் நமக்கும் இடையே இருந்த இடைவெளி சில ஆண்டுகளே. 1989-இல் ஏற்பட்ட தீ விபத்தில் அந்தத் தொழிற்சாலை பெரும் சேதமடைந்தது. அதை மீட்டெடுக்க ஆண்டுகள் பல ஆயின. இடைவெளி தலைமுறைகளாக விரிந்தது. கெல்ட்ரானோ 1991-க்குப் பிந்தைய இறக்குமதி வெள்ளத்தில் தள்ளாடியது. விக்ரம் 3201 செயலி 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவானது. விண்வெளிப் பயன்பாட்டுக்கு அது நம்பகமானது, போதுமானது. ஆனால் உலகின் முன்னணித் தொழிற்சாலைகள் 3 நானோமீட்டரையும் தாண்டிச் செல்கின்றன. அந்த இடைவெளியை அதே பாதையில் ஓடிக் கடப்பது எளிதல்ல.

ஒளிக்கணினியில் நிலைமை வேறு. இன்னும் எவரும் பந்தயத்தை முடித்துவிடவில்லை. எந்த வழி வெல்லும் என்பதும் முடிவாகவில்லை. மூன்று வழிகளில் இரண்டு தோற்கக்கூடும். இத்தகைய கட்டத்தில் தனியார் முதலீடு தயங்கும். பொது நிதியே முன்வர வேண்டும்.

நிதி எங்கே போகிறது?

இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்பது 2020-21-ஆம் ஆண்டின் கணக்கு. 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கான இலக்கு 50,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி, தனியார் துறையை ஊக்குவிக்கும் நீண்ட காலக் கடனாகவும் முதலீடாகவும் வடிவமைக்கப்பட்டது. ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்கு இது உதவும். ஆய்வக மேசையில் இன்னும் தவழ்ந்து கொண்டிருக்கும் ஒன்றுக்குக் கடன் கொடுப்பார் யார்?

தேவைப்படுவது பெரும் தொகை அல்ல. இந்நகரின் ஐந்தாறு நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு சோதனைக் கூடம், பத்து ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்ட நிதி, நிறுவன எல்லைகளைத் தாண்டி ஆய்வு மாணவர்கள் பணியாற்ற அனுமதி, முதல் பயன்பாட்டாளராக இஸ்ரோ முன்வருதல் ஆகியவை தொடக்கத்துக்குப் போதுமானவை. மின்சாரத்துக்கும் எடைக்கும் கடும் வரம்புள்ள செயற்கைக்கோளை விட ஒளிக்கணினிக்கு ஏற்ற சோதனைக்களம் வேறில்லை. மேகம் மூடிய படங்களைத் தரைக்கு அனுப்பாமல் வானிலேயே கழித்துவிடும் எளிய வேலையில் தொடங்கலாம். தோற்றாலும், பயிற்சி பெற்ற ஒளியியல் வல்லுநர்கள் மிஞ்சுவார்கள். தொலைத்தொடர்பு, மருத்துவக் கருவிகள், குவாண்டம் ஆய்வு ஆகிய எல்லாத் துறைகளும் அவர்களைத் தேடுகின்றன.

இதற்கான முடிவை திருவனந்தபுரம் தனித்து எடுக்க முடியாது. விண்வெளித் துறை, மின்னணு அமைச்சகம், அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், கேரள அரசு ஆகிய நான்கும் ஒரே மேசையில் அமர வேண்டும். தென் மாநிலங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மானியக் கோரிக்கைகள் மீதான விவாதங்களில் எழுப்ப வேண்டிய கேள்வியும் இதுவே: வாடகைக்கு எடுத்த 38,000 சிப்களுக்குப் பிறகு, நமக்கென்று நாம் எதைக் கட்டப் போகிறோம், அதற்கு எந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் இடமிருக்கிறது?